ரீச்சரிடம் கேளுங்கள்: எழினி ஆம்பிளைப் பெயரா, பொம்பிளைப் பெயரா?

கேள்வி: வணக்கம் ரீச்சர். என்னுடைய மகளும் மருமகனும் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார்கள். ஆம்பிளைப் பிள்ளை பிறந்து ஒரு கிழமை. கார்த்திகை நட்சத்திரம். இங்கே ஐயரிடம் கேட்டேன், அ, இ, உ, எ என்று நான்கு எழுத்துத் தந்தார். மருமகன் புத்தகம் வாசிக்கிற ஆள். ‘எழினி’ என்று வைக்கப் போகிறோம், அது சங்ககாலத்து அரசன் பெயர் என்கிறார். நான் இங்கே சொன்னால் கேட்கிற ஆட்கள் எல்லாம் "ஓ, பேத்தியோ?" என்கிறார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் அதற்குத் திரைச்சீலை என்று அர்த்தம் என்று சொல்லிப் போட்டார். எனக்கு வாயில் ‘எளினி’ என்றுதான் வருகிறது. மகள் போனில் ஒவ்வொரு முறையும் திருத்துகிறாள். இது ஆட்கள் வைக்கிற பெயர்தானா? எப்படிச் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும்? நாள் குறைவு, கெதியாகப் பதில் போடுங்கள்.
- ஒரு அம்மம்மா, முள்ளியவளை

பதில்: மருமகன் சொன்னது சரி அக்கா. எழினி ஆண் பெயர்தான். தகடூரை ஆண்ட அதியமான்களின் வம்சத்தில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியை நாமெல்லாரும் சின்ன வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அவனுடைய மகன் பொகுட்டெழினி. ஔவையார் அவனையும் பாடியிருக்கிறார். தகடூர்ப் போரில் இறந்துபோன எழினிக்காக அரிசில்கிழார் பாடியது புறநானூற்றின் 230ஆம் பாட்டு. வள்ளல்கள் ஏழு பேரை வரிசையில் நிறுத்துகிற 158ஆம் பாட்டிலும் பாரி, ஓரி, காரியோடு எழினி நிற்கிறான். தமிழ்நாட்டில் போளூருக்குப் பக்கத்தில் திருமலை என்று ஒரு சமணத் தலம் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு ஒன்றிலும் சேர வம்சத்து எழினியின் பெயர் இருக்கிறது. ஆகவே பெரியவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம், இது மருமகன் இரவோடிரவாகக் கட்டிய பெயர் இல்லை.

அப்படியென்றால் "பேத்தியோ?" என்று ஏன் கேட்கிறார்கள்? கேட்கிறவர்களில் பிழை இல்லை. பெயர் இகரத்தில் முடிகிறது என்பதும் காரணம் இல்லை. கணபதி, சபாபதி, மூர்த்தி, ரவி, முரளி எல்லாம் அப்படித்தான் முடிகின்றன, ஒருவரும் பொம்பிளைப் பிள்ளை என்று நினைப்பதில்லை. கடைசியில் வருகிற அந்த ‘இனி’தான் ஆளை மாற்றுகிறது. நளினி, மாலினி, பத்மினி, குமுதினி என்று பழைய தலைமுறையிலும், யாழினி, தமிழினி என்று புதிய தலைமுறையிலும் அந்த ஓசையை நாங்கள் பெண்பிள்ளைகளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம். இப்போது தமிழ்நாட்டில் எழினி என்ற பெயரைப் பெண்பிள்ளைகளுக்கே வைக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் போடுகிறவர்களும் அதைப் பெண் பக்கத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். தகடூர்க்காரனுக்குச் சொந்தமான பெயர் இப்படிக் கை மாறிவிட்டது.

திரைச்சீலை விசயம். பெரியவர் சொன்னதும் உண்மை. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையில் மாதவி ஆடுகிற அரங்கத்துக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரை கட்டியிருக்கிறது. அதற்கென்ன? கோவலன் கூத்தை முல்லைமோடி என்று தனி மெட்டோடு ஆடிய ஊர்க்காரருக்குக் கூத்துமேடைத் திரை கௌரவக் குறைவான பொருளா? அந்தப் பெரியவர் சிலப்பதிகாரம் வாசித்த ஆள் என்றால் அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பேரனுக்குக் கதை சொல்ல ஆள் தேவைப்படும்.

ஆட்கள் வைக்கிற பெயரா என்று கேட்டீர்கள். மிகவும் அரிது. நான் தமிழ் படிப்பித்த காலம் முழுவதும் இடாப்பில் எழினி என்று ஒரு பெடியனைக் கண்டதில்லை. ஆரம்பத்தில் எல்லாம் சிவகுமாரும் ரவீந்திரனும் ஜெயக்குமாரும்தான், ஒரே வகுப்பில் இரண்டு மூன்று இருக்கும், தகப்பனின் முதலெழுத்தை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். பிறகு கஜன், நிரோஜன், பிரதீபன் வந்தார்கள். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் வன்னியில் பிறந்த பிள்ளைகளுக்குத் தூய தமிழ்ப் பெயர் நிறைய வைத்தார்கள். எழிலன், இனியவன், கதிரவன், மாறன் என்று இடாப்பு வாசிக்கவே நன்றாக இருக்கும். அந்த நாளிலும் எழினி வரவில்லை. எழிலன் வந்தான். இப்போது பழையபடி ‘ஷன்’னும் ‘விஷ்’ஷும் ஓடுகிறது. வாசிக்கிற எனக்குப் பல் கூசுகிறது, ஆனால் அது என் பாடு.

அரிதான பெயர் என்பதால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்க "நான் பெடியன்தான்" என்று சொல்ல வேண்டிய பெயர் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது, மருமகனுக்கும் பிடிக்கும். புறநானூற்றின் 396ஆம் பாட்டு வாட்டாற்று எழினியாதன் என்ற தலைவனைப் பற்றியது. எழினியாதன்! ‘எ’ எழுத்து அப்படியே இருக்கிறது, ஐயருக்கும் சரி. ‘அன்’ என்று முடிகிறது, முள்ளியவளையில் ஒருவரும் பேத்தியோ என்று கேட்க மாட்டார்கள். வீட்டில் எழினி என்று கூப்பிடலாம், பள்ளிக்கூடத்தில் ஆதன் போதும். ஆதனும் லேசுப்பட்ட பெயர் இல்லை. சேர அரசர்களுக்கு இருந்த பெயர், கீழடியில் கிடைத்த பானையோடுகளிலும் கீறியிருக்கிறது. இதை மருமகனிடம் மெல்லச் சொல்லிப் பாருங்கள். அவர் எழினிதான் என்று நின்றால் விட்டுவிடுங்கள். பெயர் வைக்கிற உரிமை தாய் தகப்பனுக்கு.

இனி உச்சரிப்பு. உங்களுக்கு ‘எளினி’ என்று வருவதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்து கனகாலம். வாழைப்பழத்தை வாளைப்பளம் என்றுதான் சந்தையில் கேட்கிறோம், கோழி கோளியாகிவிட்டது, யாழ்ப்பாணத்தில் அந்த எழுத்தே விழுந்து யாப்பாணம் ஆகிவிட்டது. வகுப்பில் ழகரத்தை வலிந்து சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து "மளை வரப்போகுது, உடுப்பை எடு" என்று கத்துகிற தமிழ் ரீச்சர்மார் எத்தனையோ பேர். நானும் அதில் ஒருத்தி.

ஆனால் பெயரைச் சரியாகச் சொல்ல ஆசை இருந்தால், ளகரத்திலிருந்து தொடங்காதீர்கள். ஆட்கள் செய்கிற பிழை அதுதான், ளகரத்தை இன்னும் அழுத்திச் சொன்னால் ழகரம் வரும் என்று நினைக்கிறார்கள். வராது. தொல்காப்பியர் பிறப்பியலில் லகரத்தையும் ளகரத்தையும் ஒரு சோடியாக வைத்தார், ழகரத்தை ரகரத்தோடு சோடி சேர்த்தார். நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தடவ இரண்டும் பிறக்கும் என்றார். ஆகவே ரகரம் சொல்லப் போகிற மாதிரி நாக்கைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வளையுங்கள், அண்ணத்தில் முட்ட விடாமல் காற்றை விடுங்கள். முட்டினால் ளகரம், முட்டாமல் நின்றால் ழகரம். குமுழமுனை, முழங்காவில் என்று எங்கள் ஊர்ப் பெயர்களையே சொல்லிப் பழகலாம். சொற்களின் நடுவில் வருகிறபோது லேசு.

ஒரு பகிடி கேளுங்கள். கனடாவில் ‘கார்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது கடைசியில் நாக்குச் சுருண்டு எங்கேயும் முட்டாமல் நிற்கிறதே, அது ஏறக்குறைய எங்கள் ழகரம்தான். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை நாள் முழுக்க அந்த ஒலியைக் கேட்டு வளரும். ஆங்கிலம் கதைத்துத் தமிழ் மறந்துபோகும் என்று நீங்கள் பயப்படுகிற அந்தப் பேரன், தன் பெயரை உங்களையும் என்னையும் விடத் திறமாகச் சொல்வான். அங்கே நேசறி ரீச்சர் எப்படிச் சொல்வது என்று கேட்டால், மகள் ‘கார்’ என்ற சொல்லின் கடைசி ஒலியைக் காட்டிக் கொடுக்கலாம்.

ஆங்கில எழுத்துத்தான் உண்மையான தலையிடி. எங்கள் ஊர் வழக்கம் ழகரத்துக்கு ‘எல்’ போடுவது. முழங்காவிலுக்கும் குமுழமுனைக்கும் ‘எல்’தான், ஈழத்துக்கும் ‘எல்’தான். இந்தியா பக்கம் ‘இசட் எச்’ போடுகிறார்கள், கனிமொழி, ஆலப்புழை எல்லாம் அப்படி. சாதாரணமாக நான் எங்கள் வழக்கத்தைத்தான் சொல்வேன். இந்தப் பெயருக்கு மட்டும் மாறிச் சொல்கிறேன். ‘எல்’ போட்டால் கனடாவில் ‘எலினி’ என்றுதான் வாசிப்பார்கள். கிரேக்கப் பெண்களுக்கு எலேனி என்று பெயர் உண்டு, ரொறன்ரோவில் கிரேக்கர் நிறைய இருக்கிறார்கள். பெடியனை நேரில் காணாத ஆள் கிரேக்கப் பெட்டை என்றே முடிவு கட்டிவிடும். தமிழ்ப் பிள்ளைகளுக்கோ அதில் எலி கேட்கும். பள்ளிக்கூடத்தில் எலி என்று ஒரு தரம் பட்டம் விழுந்தால் அவ்வளவுதான், பல்கலைக்கழகம் வரைக்கும் போகும். ‘இசட் எச்’ போட்டால் வெள்ளைக்காரர் ‘எஷினி’க்கும் ‘எஜினி’க்கும் நடுவில் ஏதோ சொல்வார்கள், ஆனால் ஒரு தரம் நின்று "எப்படிச் சொல்வது?" என்று கேட்பார்கள். கேட்க வைக்கிற எழுத்து நல்லது. சிங்களத்திலும் ழகரம் இல்லை. ளகரத்துக்கு எழுத்து இருக்கிறது, வாயில் அது லகரமாகத்தான் வரும். இங்கே பிறந்திருந்தால் அந்தக் கரைச்சலும் சேர்ந்திருக்கும்.

எந்த எழுத்து என்றாலும் ஒன்றை முடிவு செய்து எல்லாப் பத்திரத்திலும் அதையே போடச் சொல்லுங்கள். 2009க்குப் பிறகு வன்னியில் பத்திரம் எல்லாம் தொலைந்து புதிதாக எடுத்த குடும்பங்களுக்கு இது தெரியும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடச் சான்றிதழில் இன்னொரு மாதிரி, கடவுச்சீட்டில் மூன்றாவது மாதிரி. ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு திரிந்த என் மாணவர்கள் எத்தனை பேர். அவர்களில் பாதிப்பேர் பெயரில் ழகரமோ றகரமோ இருந்த ஆட்கள்.

இன்னொன்று, இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை முன்னுக்கு எடுத்தேன். நீங்கள் 31ஆம் நாளில் துடக்குக் கழித்துப் பெயர் சொல்லலாம் என்று நினைத்திருப்பீர்கள். ஒன்ராறியோவில் பிறப்பை 30 நாளுக்குள் பதிய வேண்டும். எங்கள் முறைக்கும் அவர்கள் சட்டத்துக்கும் ஒரு நாள் இடிக்கிறது. பெயரை முதலில் பதியட்டும். 31இல் நீங்கள் போனில் காதுக்குள் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்குக் கொற்றவன் என்று பெயர். முன்பள்ளியில் ‘கொட்டவன்’ என்று கூப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் நான் இரண்டு ‘ரி’ (tt) போட்டதுதான் பிழை, ‘ரி ஆர்’ (tr) போட்டிருக்க வேண்டும் என்கிறார் மச்சான். மாற்றவா?
- ஒரு தகப்பன், கிளிநொச்சி

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி. உங்கள் மச்சான் இந்தியப் படம் கூடப் பார்க்கிறார் போலிருக்கிறது. ‘ற்ற’ என்பதை அவர்கள் கடைசியில் ஒரு ரகரம் தொனிக்கச் சொல்வார்கள், அதனால் ‘ரி ஆர்’ போடுகிறார்கள், அவர்களுக்கு அது சரி. நாங்கள் சொல்வது வேறு. நாக்கு நுனி மேல்பல்லின் முரசில் முட்டி, ரகரம் கலக்காமல் வெளியே வருகிறது. அது ஆங்கிலேயரின் ‘ரி’க்கு மிகக் கிட்ட. அதனால்தான் நாங்கள் ரொறன்ரோ என்று எழுதுகிறோம், சென்னைக்காரர் டொரண்டோ என்று எழுதுகிறார்கள்.

எங்கள் பழைய ஆட்கள் ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் எழுதியதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வற்றாப்பளைக்கு இரண்டு ‘ரி’. ஒட்டுசுட்டானுக்கு இரண்டு ‘டி’ (dd), அதுவும் இரண்டு இடத்தில். செட்டிகுளம், முரசுமோட்டை எல்லாம் இரண்டு ‘டி’. தகரம் என்றால் ‘ரி எச்’. பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகிறபோது பெயர்ப்பலகையை ஒருக்கால் நின்று பாருங்கள். இந்தக் கணக்கில் கொற்றவனுக்கு நீங்கள் போட்ட இரண்டு ‘ரி’ மிகச் சரி.

முன்பள்ளியில் பிழை எங்கே என்றால், அந்தப் பிள்ளை ரீச்சர் ஆங்கில இடாப்பைப் பார்த்து வாசிக்கிறார். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் ரீச்சர் எதற்கு ஆங்கிலத்தில் இடாப்பு வைத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. போய்ச் சண்டை பிடிக்காமல், ஒரு துண்டில் கொற்றவன் என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வெற்றிலை, காற்று, ஊற்று எல்லாம் அவருக்கு ஒழுங்காகச் சொல்ல வரும். தண்ணீரூற்றைத் தண்ணீரூட்டு என்று ஒருவரும் சொல்வதில்லையே.

மச்சானுக்கு ஒரு செய்தி: தமிழ்நாட்டு அரசாங்கம் 2020இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றி அறிவித்தது. சனம் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சில நாளிலேயே திருப்பி எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கே இன்னும் ஒரு முடிவு இல்லை.

கேள்வி: மகன் பெயர் கவின். எண் சாத்திரம் பார்க்கிறவர் ஆங்கிலத்தில் இரண்டு ‘வி’ போடச் சொல்கிறார். செய்யலாமா?
- மாங்குளம் வாசகி

பதில்: பிறப்புப் பத்திரம் எடுத்தாயிற்றா, இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தாயிற்று என்றால் தொட வேண்டாம். எடுக்கவில்லை என்றாலும் வேண்டாம்.

கேள்வி: ரீச்சர், எங்களுக்குப் பண்டாரவன்னியன் என்று வைக்க ஆசை. பண்டாரம் என்று பகிடி பண்ணுவார்கள் என்று அம்மா மறிக்கிறார். இந்தக் காலத்தில் இந்தப் பெயர் வைக்கலாமா?
- ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு இளம் தாய்

பதில்: நீங்கள் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இந்தப் பெயருக்கு யோசிக்கக் கூடாது பிள்ளை. 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவில் வெள்ளையரின் கோட்டையைப் பிடித்த ஆள். அதே வருசம் ஒக்ரோபர் 31இல் கப்டன் வான் ட்றிபேர்க்கின் படையிடம் தோற்ற இடம் கற்சிலைமடு, உங்களுக்குப் பக்கத்து ஊர். நினைவுக்கல்லை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீளமான பெயரைப் பெடியள் வெட்டத்தான் செய்வார்கள், எந்த இடத்தில் வெட்டுவது என்பதை நீங்கள் முந்திக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். பிறந்த நாளிலிருந்து வீட்டில் வன்னியன் என்றே கூப்பிடுங்கள், பள்ளிக்கூடத்திலும் அப்படியே சொல்லுங்கள். பின்பாதி நாக்கில் பதிந்தால் முன்பாதியை ஒருவரும் தேட மாட்டார்கள். ஒன்று மட்டும் தெரிந்து வைத்திருங்கள். எங்களுக்கு வன்னியன் என்றால் வன்னியை ஆண்ட தலைவன். தமிழ்நாட்டில் அதைச் சாதிப் பெயராக எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை பிற்காலத்தில் படிக்கவோ வேலைக்கோ அந்தப் பக்கம் போனால், முதல் நாளே ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.